அத்தையின் மணிக்கட்டும் அம்மாவின் முழங்காலும்

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். பக்கத்துக் கோயிலில் நான் மகளிர் பிரிவுச் செயலாளர். அம்மாவுக்கு வயது 67, எடை 74 கிலோ. இளமையில் நிபோங் தெபால் பக்கம் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இப்போது இரண்டு முழங்காலிலும் வலி. “தேஞ்சு போச்சு, இனி நடக்காதே” என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி, மூன்று வருடமாகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறவில்லை. சந்தையில் ஒருவர் விற்ற கேப்சூலைப் போட்டால் மட்டும் இரண்டே நாளில் வலி பறந்துவிடுகிறது. எங்களோடு இருக்கும் அத்தைக்கு 72 வயது, 46 கிலோதான், எந்த நோவும் இல்லை. போன வருடம் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு உடைந்தது, மாவுக்கட்டுப் போட்டுச் சரியாகிவிட்டது. கோயில் சமையலுக்கு வரும் 12 பெண்களில் 8 பேருக்கு மூட்டு வலியோ இடுப்பு வலியோ இருக்கிறது. இதற்கு ஏதாவது செய்யுங்கள் என்று ஓர் அன்பர் 3,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்திருக்கிறார். ஒரு நிறுவனம் ஒரு நாள் முகாம் போட்டு, எலும்பு அடர்த்தி பார்த்து, மூட்டு மாத்திரையைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறது. செய்யலாமா? எங்கள் பிள்ளைகளுக்காவது இந்த வலி வராமல் தடுக்க முடியுமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். அம்மாவைப் பற்றி மனம் நொந்து நிறைய எழுதியிருக்கிறீர்கள், அத்தைக்கு இரண்டே வரி. நான் அந்த இரண்டு வரியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

72 வயதுப் பெண் நின்ற இடத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தால், அதை ‘தரை ஈரம், அதனால் உடைந்தது’ என்று விட்டுவிடக் கூடாது. திடமான எலும்பு நின்ற உயரத்திலிருந்து விழுவதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். தாங்கவில்லை என்றால் எலும்பு மெலிந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். எலும்பு மெலிவு வலிக்காது, வீங்காது, உடையும் வரை ஒரு சத்தமும் போடாது. ஒல்லியாக, சுறுசுறுப்பாக, மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவரை நாம் நோயாளியாக நினைப்பதே இல்லை. பல பெண்களுக்கு முதலில் மணிக்கட்டு உடைகிறது, பிறகு முதுகெலும்பு மெல்ல நசுங்கிக் கூன் விழுகிறது, கடைசியில் இடுப்பு. இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள். மணிக்கட்டு உடைந்தபோதே கவனித்தால் இடுப்பைக் காப்பாற்றலாம்.

ஒரு சின்னக் கணக்கு சொல்லித் தருகிறேன். மாதவிலக்கு நின்ற ஆசியப் பெண்களுக்காகவே, 8 ஆசிய நாடுகளின் பெண்களைப் பரிசோதித்து 2001-இல் வெளியிட்ட கணக்கு இது. நம் நாட்டு மருத்துவர்களும் பயன்படுத்துகிறார்கள். உடல் எடையைக் கிலோவில் எழுதி, அதிலிருந்து வயதைக் கழித்து, வருவதை 0.2-ஆல் பெருக்க வேண்டும். அத்தைக்கு 46-இலிருந்து 72 போனால் மைனஸ் 26, பெருக்கினால் மைனஸ் 5.2. மைனஸ் 4-க்குக் கீழே போனால் எலும்பு மெலிந்திருக்கும் அபாயம் அதிகம், மைனஸ் 1-க்கும் மைனஸ் 4-க்கும் இடையில் நடுத்தரம், மைனஸ் 1-க்கு மேல் குறைவு. உங்கள் அம்மாவுக்கு இதே கணக்கு 1.4 வருகிறது. வலியால் புலம்புகிற அம்மாவைவிட, ஒன்றும் சொல்லாத அத்தைதான் எலும்பு முறிவுக்குப் பக்கத்தில் நிற்கிறார். அதோடு அவருக்கு ஏற்கெனவே ஓர் எலும்பு முறிந்திருக்கிறது, கணக்கைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. இந்த வாரமே அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானுக்குக் கூட்டிப்போய், ‘போன வருடம் மணிக்கட்டு முறிந்தது, எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்சா ஸ்கேன் தேவையா என்று பாருங்கள்’ என்று நீங்களே கேளுங்கள். பழைய எக்ஸ்ரே படமோ மருத்துவமனைக் கடிதமோ இருந்தால் கையோடு கொண்டு போங்கள். எலும்பு மெலிவு உறுதியானால் வாரம் ஒரு தடவை போடும் மாத்திரைகள்கூட இருக்கின்றன, அவை முறிவை நன்றாகக் குறைக்கின்றன.

அடுத்தது அம்மாவின் கேப்சூல். இதையும் தள்ளிப்போட முடியாது.

பல வருட மூட்டு வலி இரண்டே நாளில் ‘பறந்துவிடுகிறது’ என்றால் எனக்குச் சந்தேகம் ஸ்டீராய்டு மேல்தான் போகிறது. ‘இயற்கை மூலிகை’ என்று விற்கும் பொருள்களில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டு மருந்து ஒழுங்குமுறை அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்து வருகிறார்கள். வலி உடனே அடங்கும், பசி எடுக்கும், முகம் உப்பும். உள்ளே சர்க்கரை ஏறும், இரத்த அழுத்தம் ஏறும், எலும்பு கரையும். பெட்டியில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பல மாதமாகச் சாப்பிட்டு வந்ததைச் சட்டென்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு அதைத் திடீரென நிறுத்தினால் தள்ளாடிப் போகும். பெட்டியோடு அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அத்தையை அழைத்துப் போகிற அதே நாளில் இருவரையும் காட்டிவிடலாம்.

சரி, முழங்காலுக்கு வருவோம். ‘தேஞ்சு போச்சு’ என்ற ஒரு சொல் நம் பெண்களுக்குச் செய்த கெடுதலை, பிசியோதெரபிஸ்டான நான் 20 வருடத்துக்கு மேலாகத் தினமும் பார்க்கிறேன். மோட்டார் டயர் ஓட ஓடத் தேய்வதுபோல் முழங்கால் தேய்கிறது, அதனால் ஓட்டத்தைக் குறைத்தால் நீடிக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். முழங்கால் டயர் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாயே கிடையாது. நாம் காலை ஊன்றும்போது அது பஞ்சுபோல அமுங்குகிறது, தூக்கும்போது விரிகிறது. அப்படி அமுங்கி விரியும்போதுதான் மூட்டு நீரை உள்ளே இழுத்துத் தனக்கு வேண்டிய சத்தை எடுத்துக்கொள்கிறது. நடக்காத முழங்கால் பட்டினி கிடக்கும் முழங்கால். அதோடு, நடக்காமல் இருந்தால் முன்தொடைத் தசை சில வாரங்களிலேயே இளைக்கத் தொடங்கிவிடும். தசை இளைத்தால் உடம்பின் பாரம் நேரே மூட்டில் இறங்கும், வலி கூடும், ‘பார்த்தியா, நடந்ததால்தான் வலிக்குது’ என்று இன்னும் குறைவாக நடப்பார்கள். உங்கள் அம்மா மூன்று வருடமாக இந்தச் சுழலில் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

எடையும் உண்டு. ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். அம்மா நான்கு கிலோ குறைத்தால் அடிக்குப் பதினாறு கிலோ. நாலு மணி டின்பால் தேநீரைப் பாலில்லாத ‘தே ஓ’வுக்கு மாற்றினாலே ஒரு தொடக்கம் கிடைக்கும், பட்டினி தேவையில்லை.

(எல்லா மூட்டு வலியும் இந்த வகை இல்லை. காலையில் எழுந்து ஒரு மணி நேரம் கை விரல்களை மடக்க முடியவில்லை, மூட்டு சிவந்து கொதிக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, இரவில் தூங்கவிடாத முதுகு வலி, காரணமின்றி எடை இறங்குவது, காலில் மரமரப்போடு சிறுநீர் கட்டுப்படாமல் போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவர், பயிற்சி அப்புறம். கடைசியில் சொன்னதற்கு அன்றே ஜிஎச் (அரசாங்க மருத்துவமனை) எமர்ஜென்சிக்குப் போக வேண்டும்.)

இனி உங்கள் முக்கியக் கேள்வி. முகாம் வேண்டாம், சகோதரி. அந்த நிறுவனத்தை நான் குறை சொல்ல வரவில்லை, ஆனால் அவர்கள் கொண்டுவருவது குதிகாலை வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் கருவியாகத்தான் இருக்கும். அது மேலோட்டமான சோதனை, அதை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. மேலே சொன்ன கணக்கை ஓர் எடைத் தட்டும் ஒரு பென்சிலும் இருந்தால் நீங்களே எல்லாருக்கும் போட்டுவிடலாம். மூட்டு மாத்திரை என்றால் பெரும்பாலும் குளுக்கோசமைன். அமெரிக்க மூட்டுவாத மருத்துவக் கழகத்தின் 2019 வழிகாட்டி, முழங்கால் தேய்மானத்துக்குக் குளுக்கோசமைன் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறது. அதே வழிகாட்டி உறுதியாகப் பரிந்துரைப்பவை உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, தாய்சி. உங்கள் குடியிருப்பின் கீழே காலை ஆறரைக்குச் சீனப் பாட்டிகள் கை வீசிச் செய்கிறார்களே, அதேதான். போய்ச் சேர்ந்துகொண்டால் அவர்கள் இடம் கொடுப்பார்கள், மொழி ஒரு தடையில்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு நாள் முகாம்களுக்கு ஆசையோடு போனவள். பட்டர்வொர்த் பக்கம் ஒரு மண்டபத்தில் காலை முதல் மாலை வரை முழங்கால்களைப் பார்த்து, பயிற்சிப் படம் போட்ட தாளை ஆளுக்கொன்று கொடுத்தோம். அடுத்த வருடம் அதே மண்டபத்தில் அதே பெரியம்மா வந்து உட்கார்ந்தார். கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். “பத்திரமா வச்சிருக்கேன்மா. ஆனா தனியா செய்ய மனசு வரல.” அந்தச் சொல் என்னை விட்டுப் போகவே இல்லை. அவருக்குப் பயிற்சி தெரிந்திருந்தது. பக்கத்தில் நின்று செய்ய ஆள் இல்லை. நாங்கள் தாளைக் கொடுத்தோம், ஆளைக் கொடுக்கவில்லை.

உங்களிடம் ஆள் இருக்கிறது. வாரம் தவறாமல் வருகிற 12 பெண்கள், கூரை போட்ட மண்டபம், தண்ணீர், கழிப்பறை, சாவி. எந்த மருத்துவமனையும் விலை கொடுத்து வாங்க முடியாதது இது. அந்த 3,000 வெள்ளியை ஒரு நாளில் செலவழிக்காமல் ஒரு வருடத்துக்கு நீட்டுங்கள். செவ்வாயும் வெள்ளியும் எப்படியும் கோயிலுக்கு வருவீர்கள். பூசைக்கு முன்னால் முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். டென்மார்க்கில் 2013-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் முழங்கால், இடுப்பு மூட்டு வலிக்காரர்களைச் சிறு குழுவாகக் கூட்டி, வாரம் 2 முறை வீதம் 6 வாரம் பயிற்சி கொடுக்கிறார்கள். முதலில் இரண்டு மூன்று தடவை உட்கார வைத்து நோயைப் பற்றி விளக்கமாகப் பேசுகிறார்கள். வலி குறைந்து, வலி மாத்திரையும் குறைகிறது. அது இப்போது பல நாடுகளில் நடக்கிறது. நீங்களும் முதல் 6 வாரத்தை அப்படி வைத்துக்கொண்டு, பிறகு நிறுத்தாமல் தொடருங்கள்.

என்ன பயிற்சி? ஒன்றை மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன், இதைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. முழங்கால் உயரத்துக்கு இருக்கும் நாற்காலி, சுவரை ஒட்டிப் போட்டது. கோயில் பிளாஸ்டிக் நாற்காலி பளிங்குத் தரையில் பின்னால் சறுக்கும், அதனால் சுவர் கட்டாயம். நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதம் இரண்டும் இடுப்பகலம், குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். கையைக் கட்டி மார்பில் வைத்துக்கொண்டு, மூக்கு கால் பெருவிரலுக்கு மேலே வருமளவு முன்னால் சாய்ந்து எழுந்திருங்கள். முழங்கால் இரண்டும் உள்பக்கம் ஒன்றையொன்று தொட ஓடும், அதை விடாதீர்கள், இரண்டாம் கால்விரலைப் பார்த்தபடியே வரட்டும். இப்போது முக்கியமான இடம். உட்காரும்போது ‘தொப்’ என்று விழக் கூடாது. மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, நாற்காலியில் முட்டை இருக்கிறது என்று நினைத்து இறங்க வேண்டும். அந்த இறக்கமும் தசையை நன்றாக வலுவாக்கும். சேலைக் கொசுவம் பாதத்தில் மாட்டாதபடி கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு முதலில் முடியாது. நாற்காலி மேல் ஒரு தடித்த மெத்தை போட்டு உயரத்தைக் கூட்டினால் முடியும். எட்டு முறை, சற்று ஓய்வு, மறுபடி எட்டு. இரண்டு வாரம் கழித்து மெத்தையை எடுங்கள்.

முதல் நாளே எல்லாருக்கும் ஒன்றை அளந்து நோட்டில் எழுதுங்கள்: கையைக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து நிற்க முடிகிறது? 65 முதல் 69 வயதுப் பெண் 11-க்குக் கீழே செய்தால் சராசரிக்குக் குறைவு, 70 முதல் 74 என்றால் 10-க்குக் கீழே. மாதம் ஒரு தடவை திரும்ப அளங்கள். ‘எனக்கு 6 இருந்தது, 9 ஆயிட்டது’ என்று ஒருவர் சொல்லும்போது, அடுத்த மாதம் வராமல் இருக்க அவருக்கு மனம் வராது.

மற்றவை உங்கள் கண் முன்னாலேயே கோயிலில் இருக்கின்றன. பிள்ளையாருக்கு முன் போடும் தோப்புக்கரணம் முழங்காலைப் பாதி மடக்கி நிமிரும் அருமையான தசைப் பயிற்சி. முழுதாக உட்கார வேண்டியதில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு கால்வாசி இறங்கினாலும் பயன்தான். அடிப்பிரதட்சணம் தெரியுமே, ஒரு பாதத்தின் விரலை ஒட்டி மறு பாதத்தின் குதிகாலை வைத்து அடியடியாகச் சுற்றி வருவது. நாங்கள் விழாமல் இருக்கச் சொல்லித் தரும் சமநிலைப் பயிற்சியும் அச்சாக இதேதான். எங்கள் பாட்டிகள் சுவாமிக்கு நேர்ந்துகொண்டு செய்ததை நாங்கள் கிளினிக்கில் தரையில் கோடு போட்டுச் செய்ய வைக்கிறோம். ஆறு மாதம் பழகிய பிறகும் ஒரு கை சுவருக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும், காலில் மரத்துப்போன உணர்வுள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு இது கட்டாயம். வெயிலேறிய கல்தரையில் வேண்டாம். அவர்களுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். பாட்டிமார்களுக்குக் கணுக்காலில் கட்ட எடை வேண்டுமென்றால் அரைக் கிலோ அரிசியைத் துணிப்பையில் தைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்க அது போதும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான இப்படிப்பட்ட எளிய கால் வலு, சமநிலைப் பயிற்சியால் முதியவர்கள் விழுவது ஏறக்குறைய 35 விழுக்காடு குறைந்தது. உலகச் சுகாதார நிறுவனமும் 2020 வழிகாட்டியில் 65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் 3 நாளாவது சமநிலையையும் வலுவையும் சேர்த்துப் பழக வேண்டும் என்கிறது. கோயிலில் 2 நாள், வீட்டில் ஒரு நாள்.

பயிற்சியின்போது வலித்தால் நிறுத்திவிட வேண்டுமா என்று எல்லாரும் கேட்பார்கள். பூச்சியம் முதல் பத்து வரை வலியை எண்ணச் சொல்லுங்கள். ஐந்து வரை பரவாயில்லை, ஆனால் மறுநாள் இதே நேரத்துக்குள் வலி பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையென்றால் பயிற்சியை விட வேண்டாம், அடுத்த முறை எண்ணிக்கையைக் குறையுங்கள்.

இப்போது எனக்குக் கவலை தரும் இடத்துக்கு வருகிறேன். உங்கள் கோயில் மடப்பள்ளி. நான் உங்கள் கோயிலைப் பார்த்ததில்லை, ஆனால் பார்த்த கோயில்களில் எல்லாம் ஒரே காட்சிதான். பாய் விரித்துத் தரையில் இரண்டு மணி நேரம் வெங்காயம் நறுக்குவார்கள், எழும்போது ஒருவர் கையை ஒருவர் பிடித்து முனகிக்கொண்டே எழுவார்கள். தரையில் வைத்த அடுப்பிலிருந்து சாம்பார் அண்டாவை இரண்டு பேர் குனிந்து, உடம்பைத் திருப்பித் தூக்குவார்கள். 8 பேருக்கு வலி என்றால் வயதை மட்டும் குறை சொல்ல முடியாது. வேலை செய்யும் உயரமும் தவறு. நம் நாட்டு வேலையிடப் பாதுகாப்புத் துறையான ஜேகேகேபி 2017-இலும் 2018-இலும் வெளியிட்ட வழிகாட்டிகளின் சாரம் இதுதான்: எடை எவ்வளவு என்பதோடு, எங்கிருந்து தூக்குகிறோம் என்பதும் முக்கியம். இடுப்பு உயரத்தில் உடம்போடு ஒட்டித் தூக்கக்கூடிய எடையில் பாதிகூட, தரையிலிருந்து தூக்கினால் பாதுகாப்பானதில்லை. தொழிற்சாலைக்குச் சொன்னதுதான், மடப்பள்ளிக்கும் பொருந்தும்.

ஆகவே நன்கொடையின் ஒரு பகுதியை இங்கே போடுங்கள். நறுக்குவதற்கு இடுப்பு உயர மேசை இரண்டு. நிற்க முடியாதவர்களுக்கு அதே மேசைக்கு ஏற்ற உயர முக்காலி. அரிசி மூட்டைக்கும் காய்க் கூடைக்கும் ஒரு தள்ளுவண்டி. அண்டாவில் தண்ணீர் வாளியால் ஊற்றாமல் குழாய் வைத்து நேரே நிரப்புங்கள். வெந்த பிறகு அண்டாவையே தூக்காமல் பெரிய கரண்டியால் சின்ன வாளிகளுக்கு மாற்றி எடுத்துப் போங்கள். அரை மணிக்கு ஒரு தடவை நறுக்குகிறவரும் பரிமாறுகிறவரும் இடம் மாறிக்கொள்ளுங்கள். அண்டாவைத் தூக்கியே ஆக வேண்டுமென்றால் கோயில் இளைஞர்களை அழையுங்கள். அவர்களுக்கும் முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, அண்டாவை வயிற்றோடு ஒட்டித் தூக்கச் சொல்லித் தர வேண்டும். அது அவர்கள் தினமும் லாரியிலும் கிடங்கிலும் செய்கிற வேலைக்கும் உதவும்.

வீட்டில் விழுவதைத் தடுப்பதையும் குழுவாகச் செய்யலாம். ஒரு ஞாயிறு காலை கோத்தோங் ரோயோங் கூட்டு வேலைபோல இருவர் இருவராகப் பெரியவர்கள் இருக்கும் வீடுகளுக்குப் போங்கள். குளியலறை வாசலில் சுருண்டு கிடக்கும் கால்மிதி, கழிவறைக்குப் போகும் வழியில் எரியாத விளக்கு, அடிப்பாகம் வழுவழுவென்று தேய்ந்த ஜப்பான் சிலிப்பர், தரையில் தவழும் சார்ஜர் வயர், படிக்கட்டில் அணைந்த பல்பு. உங்கள் வீட்டில் அத்தைக்கு முதல் வேலை, குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி. துணி காயப் போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு குளிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது ஆள் பாரத்தைத் தாங்காது. பொது விளக்கும் லிஃப்டும் பழுதென்றால் குடியிருப்பு நிர்வாகத்துக்குப் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு எழுதுங்கள். லிஃப்ட் நின்ற மாதத்தில் எத்தனை பாட்டிகள் வீட்டை விட்டே இறங்காமல் தசையை இழக்கிறார்கள் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

உணவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 50 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் சுண்ணச்சத்து (கால்சியம்) வேண்டும். ஒரு குவளைப் பால் ஏறக்குறைய 300. கேழ்வரகு மாவு 100 கிராமில் 350 அளவுக்கு இருக்கிறது. முழுதாக மென்று தின்னும் நெத்திலி, தௌகுவா என்ற சோயாக் கட்டி, முருங்கைக்கீரை எல்லாம் சேரும். அன்னதானத்தில் மாதம் ஒரு நாள் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் வைத்தால் வீட்டுக்கும் அது போய்ச் சேரும். வெயில் கொட்டும் ஊரில் இருந்தும் நம் பெண்களுக்கு வைட்டமின் டி குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறோம், நம் தோலும் கறுப்பு. அத்தைக்கு இரத்தத்தில் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளைக் கேட்டிருந்தீர்கள். எலும்பு என்ற வங்கியில் பெரும்பகுதிப் பணத்தை 20 வயது முடிவதற்குள் போட்டாக வேண்டும், அதற்குப் பிறகு சேர்ப்பது கொஞ்சம்தான். குதிப்பதும் ஓடுவதும் எலும்பைக் கட்டும். ஞாயிறு சமய வகுப்புக்கு வரும் பிள்ளைகளைத் தேவாரத்துக்கு முன் பத்து நிமிடம் கயிறு தாண்ட விடுங்கள், பெண் பிள்ளைகளைக் கட்டாயமாக. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நின்றே வேலை செய்யும், ஒரே கை அசைவை ஆயிரம் தடவை செய்யும் உங்கள் தம்பி தங்கைகளிடம், வேலையால் வரும் தசை, தசைநாண் நோய்களுக்கு 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெர்க்கெசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் கோரிக்கை வைக்கலாம் என்று சொல்லுங்கள். பலர் யோக்கோ யோக்கோ தடவிக்கொண்டே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள், கேட்டுப் பார்ப்பதே இல்லை.

நடத்த ஆள் யார் என்று கேட்பீர்கள். உங்களில் இருவர் பழகிக்கொண்டால் போதும். மாதம் ஒரு முறை ஒரு பிசியோதெரபிஸ்டைக் காசு கொடுத்து வரவழைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு எங்களுக்குப் பதிவு எண் உண்டு, தயங்காமல் கேளுங்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் எல்லாரும் பிசியோ இல்லை. கிளினிக் கெசிஹாத்தானில் வார்கா எமாஸ் (மூத்த குடிமக்கள்) கிளப் இருந்தால் அவர்களோடு இணையுங்கள், சமூக நலத் துறையின் பாவே என்ற முதியோர் நடவடிக்கை மையம் பக்கத்தில் இருந்தாலும் போய்ப் பேசுங்கள். கணக்கு நோட்டு, நாற்காலி, மேசை, தள்ளுவண்டி, பிசியோவுக்குக் கட்டணம் என்று பிரித்தால் உங்கள் 3,000 வெள்ளி ஒரு வருடம் வரும் என்றுதான் நினைக்கிறேன். நன்கொடை கொடுத்த அன்பரை முதல் நாளும் ஆறாம் மாதமும் அழைத்து அந்த நோட்டைக் காட்டுங்கள்.

கடைசியாகத் தண்ணீர்மலை. 513 படி. மலை ஏறினால் அம்மாவின் முழங்கால் கெட்டுவிடாது, ஆனால் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தவர் நேரே போய் ஏறவும் கூடாது. மருத்துவரைப் பார்த்து, இந்த வாரத்தில் நாற்காலிப் பயிற்சியைத் தொடங்கட்டும். மூன்றாவது மாதம் உங்கள் அடுக்குமாடியில் ஒரு மாடி, அது இலகுவானதும் இரண்டு. பிறகு கூட்டமில்லாத ஒரு சாதாரண நாள் விடியற்காலையில் மலைக்குக் கூட்டிப்போய், நூறு படி ஏறி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து இறங்கி வாருங்கள். மறுநாள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று பார்த்து அடுத்த முறைக்கு முடிவு செய்யுங்கள். வலிப்பது பெரும்பாலும் இறங்கும்போதுதான். ஏறும்போது வலி குறைந்த கால் முதலில், இறங்கும்போது வலி கூடிய கால் முதலில், ஒரு கை எப்போதும் கைப்பிடியில். தைப்பூசக் கூட்டத்தில் கைப்பிடி கிடைக்காது, அதனால் அம்மா பூசத்துக்கு இரண்டு நாள் முன்போ பின்போ ஏறட்டும். அத்தை கீழே இருந்து கும்பிடட்டும், அவருடைய ஸ்கேன் முடிவு கைக்கு வரும் வரை.